பாதம் கழுவும் பணி

கிறிஸ்தவ ஜெபத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வாக்கினால் ஆகிய ஜெபங்களையே ஆராய்ந்திருக்கின்றனர். கைகளாலும் முழங்கால்களாலும் செய்யப்பட்டு வந்த ஒரு பிரார்த்தனையை, அதாவது பிறர் கால்களைக் கழுவும் வழக்கத்தை, அவர்களுள் பலர் சடங்கென்று ஒதுக்கிவிட்டனர். யோவானின் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தில், இயேசு தாம் பிடிபடுவதற்கு முந்திய போஜனத்தின்போது எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்த செய்தி வருகிறது. புழுதித் தெருவில் நடந்து வந்தவரின் கால் கழுவுவது அந்நாளில் அடிமைகள் செய்த ஊழியமாதலின், பேதுரு முதலில் இசையாமற் போனதில் வியப்பில்லை.

அதன் பின் அவ்வழக்கம் ஒவ்வோரிடத்தில் ஒவ்வோர் உருக்கொண்டது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆயரான அம்புரோஸ் காலத்தில், ஞானஸ்நானம் பெற்றோரின் பாதங்களைக் கழுவுவது அங்கே சடங்கின் ஓர் அங்கமாயிருந்தது; ரோமாபுரித் திருச்சபையிலோ அது இல்லை. ஆயினும் அவ்வழக்கத்தைப் பூஜை மண்டபத்திலிருந்து மடைப்பள்ளிக்குக் கொண்டு சென்றோருள் ஒருவர், நம் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வழங்கும் புனித பெனடிக்ட் ஆவார்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் அவர் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கின் 35-ஆம் அதிகாரம், சமையல் முறையைப் பற்றியது. நோயாளிகளும் இன்றியமையாத அலுவலுடையோரும் நீங்கலாக, மடத்துச் சகோதரர் அனைவரும் வாரமுறை வைத்து அடுக்களை வேலை செய்யவேண்டும். முறை முடிந்தவன் சனிக்கிழமையன்று இடத்தைத் துப்புரவு செய்து, சகோதரர்கள் கைகால் துடைத்துக்கொண்ட துண்டுகளைத் துவைத்துப் போடுவான். பிறகு அவனும், அடுத்த வாரத்து முறைக்காரனும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவுவார்கள். பாத்திரங்களைச் சேதமின்றிச் சுத்தமாகப் பண்டசாலைக்காரனிடம் ஒப்படைக்கவும் வேண்டும். மறுநாள் காலை ஜெபம் முடிந்தவுடன் முறை விடுவோரும் ஏற்போரும் எல்லார் முன்னிலையிலும் முழங்காற்படியிட்டுத் தமக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்பர். விருந்தினர் வந்தாலோ, 53-ஆம் அதிகாரத்தின்படி, மடாதிபதியே அவர்கள் கைகளுக்கு நீர் வார்ப்பார். மடத்தார் யாவரும் அவரோடு கூடி அவர்கள் பாதங்களைக் கழுவிச் சங்கீத வாக்கியம் ஒன்றைச் சொல்லவேண்டும். அழுக்குத் துண்டுக்கும் ஆராதனைக்கும் இடையே இத்தனை குறைந்த தூரத்தை வைத்த சட்டநூல் வேறொன்றை நான் கண்டதில்லை.

இயேசுவின் அப்போஜனத்தை நினைவுகூரும் பெரிய வியாழனன்று அரசர்களும் பாதம் கழுவத் தொடங்கியபோது பணிவிடை, காட்சியாகப் பெருகிற்று. 1573-இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணி, தம் வயதின் எண்ணிக்கைக்கு ஒப்ப 39 ஏழைப் பெண்களின் பாதங்களைக் கிரீனிச் அரண்மனையில் கழுவினார். ராணியின் கை படுமுன் சலவைக்காரி ஒருத்தியும், அவளுக்குப் பின் தானாதிகாரியின் துணைவரும், பின்னர்த் தானாதிகாரியும் முறையே அக்கால்களைக் கழுவி வைத்திருந்தனர்! இருந்தும், அப்பெண்களுக்கு அன்று துணியும் உணவும் பணமும் கிடைத்தன என்பதை மறுக்கலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டு அரச சடங்கில் கால் கழுவுவது நின்றுபோயிற்று. காசு கொடுப்பது மாத்திரம் இன்றும் நடந்து வருகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில், போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் வெளியிட்ட சீர்திருத்தம், பாதம் கழுவுதலைப் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குள்ளேயே செய்ய இடமளித்தது. ஆனால் பாதம் நீட்டுவோர் ஆடவராகவே இருக்கவேண்டியிருந்தது. 2013-இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் ரோமாபுரியின் இளங்குற்றவாளிகள் சிறையில் பன்னிருவர் முன் குனிந்தபோது, அவர்களுள் இருவர் பெண்கள், இஸ்லாமியரும் இருந்தனர். பெண்களின் பாதங்களையும் கழுவலாமென்ற ஆணை 2016 ஜனவரியில் வெளியாயிற்று.

அரண்மனை வழக்கத்தைவிட மடைப்பள்ளி வழக்கமே மூலத்துக்கு நெருங்கியது என்பது என் துணிபு. அங்கே கால் கழுவியவன்தான் துண்டையும் துவைத்தான்.