இணையவழித் தொலைக்காட்சியின் தொடக்கக் காலமும் எழுத்தாளர் ஊதியச் சிக்கலும் (2005–2008)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் இணையத்தில் முழுமையாக வெளிவரத் தொடங்கிய காலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இணைய ஒளிபரப்பு விளம்பரமா, மறுஒளிபரப்பா என்னும் வினா அக்காலத்தின் மையச் சிக்கலாக விளங்கியதையும், 2007–08ஆம் ஆண்டு எழுத்தாளர் வேலைநிறுத்தம் அதற்கு அளித்த விடையையும் இது விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இணையத் தொலைக்காட்சி, ஸ்ட்ரீமிங், மறுஒளிபரப்பு ஊதியம், எழுத்தாளர் வேலைநிறுத்தம், ஹுலு.

முன்னுரை

1995இல் வெளிவந்த ரியல்ஆடியோ ஒலியையும், 1997இல் வந்த ரியல்வீடியோ காணொளியையும் முழுவதும் பதிவிறக்காமலே நுகர வழிசெய்தன. எனினும் தொலைபேசிவழி இணைப்பின் வேகத்தில், சிறு சாளரத்துள் விட்டுவிட்டு ஓடும் படமே பயனர்க்குக் கிட்டியது. அகலப்பட்டை இணைப்பு வீடுகளில் பரவிய பின்னரே முழுநீளத் தொடர் இயல்வதாயிற்று. தொழில்நுட்பம் மட்டும் இதற்குப் போதுமானதாக இல்லை. 1999 நவம்பர் இறுதியில் கனடாவின் டொராண்டோவிலிருந்து தொலைக்காட்சி அலைவரிசைகளை இணையத்தில் மறுஒளிபரப்பிய ஐகிரேவ்டிவி, அமெரிக்க நிறுவனங்கள் தொடுத்த வழக்கினால் 2000 பிப்ரவரியில் நின்றுபோயிற்று. உரிமை யாருக்கு, வருவாய் யாருக்கு என்பவை தீராமல் இவ்வூடகம் வளர இயலாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

ஒளிபரப்பு நிறுவனங்களின் நுழைவு

2005 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஏபிசியின் ‘லாஸ்ட்’ முதலிய தொடர்களைப் பகுதி ஒன்றுக்கு 1.99 டாலர் விலையில் பதிவிறக்கத்திற்கு விற்கத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் என்பிசியின் நகைச்சுவை நிகழ்ச்சித் துணுக்கொன்று யூடியூபில் பெரிதும் பரவியது. 2006 பிப்ரவரியில் அந்நிறுவனம் அதை நீக்கச் செய்தது. 2006 மே மாதம் ஏபிசி தன் நான்கு தொடர்களைத் தாண்டிச்செல்ல இயலாத விளம்பரங்களுடன் தன் இணையதளத்தில் இலவசமாக வழங்கி, இரு மாதங்கள் சோதித்துப் பார்த்தது. என்பிசி யுனிவர்சலும் நியூஸ் கார்ப்பரேஷனும் 2007 மார்ச்சில் அறிவித்த கூட்டு முயற்சி ‘ஹுலு’ என்னும் பெயர் பெற்று, 2008 மார்ச் 12 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உரிமக் கட்டணத்தில் இயங்கும் பிபிசியோ 2007 டிசம்பர் 25 அன்று ஐபிளேயரை விளம்பரமின்றித் தொடங்கியது.

விளம்பரமா, மறுஒளிபரப்பா?

அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர்க்கு அவர்தம் படைப்பு மறுஒளிபரப்பாகும்போது தனி ஊதியம் உண்டு. ஒரு தொடர் முடிந்து அடுத்த வேலை கிடைக்கும் வரை குடும்பத்தைத் தாங்குவது அவ்வருவாயே. இணையத்தில் இலவசமாகக் காட்டுவது தொடரை அறிமுகப்படுத்தும் விளம்பரமே என்பது தயாரிப்பு நிறுவனங்களின் வாதம். விளம்பரதாரரிடம் பணம் பெற்று முழுப்பகுதியையும் காட்டுவது மறுஒளிபரப்பே என்பது எழுத்தாளர்களின் எதிர்வாதம். 1980களில் வீட்டுக் காணொளி நாடாக்களுக்கு மிகக் குறைந்த விகிதத்தை ஏற்க நேர்ந்த கசப்பு அவர்களிடம் நீங்காதிருந்தது. புதிய ஊடகம் வேரூன்றுமுன் விகிதத்தை வரையறுக்க வேண்டும் என்னும் உறுதி அதனின்று பிறந்தது.

2007 நவம்பர் 5இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 2008 பிப்ரவரி 12இல் முடிவுற்றது. எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, முதல் 17 நாள்கள் (புதிய தொடராயின் 24 நாள்கள்) ஊதியமின்றி இணையத்தில் காட்டலாம். அதன்பின் ஊதியம் தரவேண்டும். அதாவது, ஒரே பகுதி தொடக்க நாள்களில் விளம்பரமாகவும் பின்னர் மறுஒளிபரப்பாகவும் கொள்ளப்பட்டது. பார்வையாளரின் ஆர்வம் ஒளிபரப்பை ஒட்டிய நாள்களிலேயே மிகுதி என்பதைக் கருதினால், இவ்வரையறை நிறுவனங்களுக்கே சாதகமானது. எனினும் இணையப் பயன்பாட்டிற்கும் ஊதியம் உண்டு என்னும் கொள்கை நிலைபெற்றது.

முடிவுரை

வேலைநிறுத்தம் முடிந்த ஒரு மாதத்தில் ஹுலு திறக்கப்பட்டது. ஆகவே, இணையத் தொலைக்காட்சியின் தொடக்க வரலாற்றைத் தொழில்நுட்ப வளர்ச்சியைக் கொண்டு மட்டும் எழுதுதல் நிறைவுடையதாகாது. உழைப்புக்கான உரிமைப் போராட்டமும் அதன் பகுதியாகும். பார்வையாளர் எண்ணிக்கைக்கேற்ற ஊதியத்தை முன்வைத்து 2023இல் 148 நாள்கள் நீடித்த எழுத்தாளர் வேலைநிறுத்தம், 2008இன் விடை முழுமையானதன்று என்பதை உறுதிப்படுத்துகிறது.