அணுமின் நிலையத்தின் மீள்திறனை அளப்பது எப்படி?

ஓர் அணுமின் நிலையம் பாதுகாப்பானதா என்று கேட்டால், "இத்தனை ஆண்டுகளாக விபத்தே இல்லை" என்ற பதில் வருவதுண்டு. அது கடந்த காலத்தின் கணக்கு. எதிர்பாராத அடி விழும்போது நிலையம் எவ்வளவு தாங்கும், எவ்வளவு விரைவாக மீளும் என்பதை அது சொல்லாது. இந்த ஆற்றலையே பொறியியலில் 'மீள்திறன்' என்கிறார்கள்.

இதை அளக்கப் பல வழிகள் உண்டு. உலையின் மையப்பகுதி ஓர் ஆண்டில் சேதமடைய எவ்வளவு வாய்ப்பு உள்ளது என்று கணக்கிடுவது ஒன்று. செயல்பாடு எவ்வளவு குறைந்தது, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆனது என்று பார்ப்பது மற்றொன்று. ஆய்வாளர் எரிக் ஹால்நேகல் நான்கு திறன்களைப் பார்க்கச் சொல்கிறார்: எதிர்வினையாற்றுதல், கண்காணித்தல், பாடம் கற்றல், முன்கூட்டியே எண்ணிப்பார்த்தல்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று இந்தத் திறன்கள் சோதனைக்கு உள்ளாயின. நிலநடுக்கம் வந்ததும் ஃபுகுஷிமா டாய்ச்சியில் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. டீசல் ஜெனரேட்டர்களும் இயங்கத் தொடங்கின. ஆனால் 10 மீட்டர் உயரத்தில் இருந்த வளாகத்தைச் சுமார் 50 நிமிடங்களில் சுனாமி மூழ்கடித்தது. அங்கே 13 ஜெனரேட்டர்கள் இருந்தும், 6-ஆம் உலைக்குரிய ஒன்று மட்டுமே தொடர்ந்து மின்சாரம் தந்தது. அது உயரமான இடத்தில், காற்றால் குளிரூட்டப்படும் வகையில் அமைந்திருந்தது. 5, 6-ஆம் உலைகள் அதனால் தப்பின. 1, 2, 3-ஆம் உலைகளில் எரிபொருள் உருகியது. இத்தனைக்கும், சுனாமி 15.7 மீட்டர் வரை எழலாம் என்று அந்த நிறுவனமே 2008-இல் கணக்கிட்டிருந்தது.

நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்தது ஒனகாவா அணுமின் நிலையம். அங்கும் சுமார் 13 மீட்டர் உயரத்துக்கு அலை வந்தது. ஆனால் வளாகத்தை 14.8 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தார்கள். ஐந்து மின்தடங்களில் ஒன்று மட்டும் அறுபடாமல் நின்றது. அதன் மூன்று உலைகளும் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டன. வீடிழந்த 300-க்கும் மேற்பட்டோர் அந்த நிலையத்திலேயே தஞ்சம் அடைந்தனர்.

ஆக, மாற்று ஏற்பாடுகள் எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. அவை அனைத்தும் ஒரே அடியில் வீழுமா என்று பார்க்க வேண்டும். வந்த எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளைக் கண்டு நிம்மதி கொள்ளச் சொல்லவில்லை. வரவிருக்கும் பஞ்சத்துக்காகத் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். முன்னேற்பாடு தவக்குலுக்கு எதிரானதல்ல. மக்களின் உயிர் அமானிதம் என்பதை உணர்ந்தவர்கள் செய்யும் கடமை அது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.