சாக்லேட்டும் கிரீமும்: கிரேட் வெஸ்டர்ன் பயணிகள் பெட்டிகளின் நிற வரலாறு

மாதிரி ரயில் செய்பவர்களுக்கென்று விற்கும் சிறு பெயின்ட் டப்பாக்களில் ‘ஜி.டபிள்யூ.ஆர். கிரீம்’ என்று எழுதிய இரண்டை, வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்தவையாகப் பார்த்து வாங்கி, ஒரே வெள்ளை அட்டையில் பக்கம் பக்கமாகத் தீட்டிப் பார்க்கலாம். ஒன்று தயிர் நிறத்துக்கு அருகில் நிற்கும். மற்றொன்றில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். எது சரி என்ற கேள்வி உடனே எழுகிறது. அந்தக் கேள்வியை அப்படியே கேட்டால் பதில் கிடைக்காது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். எந்த ஆண்டு, எந்த வகைப் பெட்டி, பட்டறையை விட்டு வந்து எவ்வளவு காலம் ஓடியது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் நிறத்தைப் பற்றிப் பேசவே முடியும். பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1835-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அந்த நிறுவனத்தின் தொடக்ககாலப் பெட்டிகள் முழுவதும் பழுப்பு நிறத்தில் இருந்தன. 1864-இல் பெட்டியின் பக்கவாட்டை இரண்டாகப் பிரித்தார்கள்: ஜன்னலுக்குக் கீழே பழுப்பு, மேலே வெள்ளை. ஆம், வெள்ளைதான். பட்டறையில் பூசிய பெயின்டின் பெயரே வெள்ளை. அதன்மேல் அடித்த வார்னிஷும், பிறகு பட்ட வெயிலும் மழையும் புகையும் சேர்ந்துதான் அதைக் கிரீமாக்கின. நிறுவனத்தின் அடையாளமாகப் பிற்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்ட நிறம், முதலில் எந்தக் கலவைச் சட்டியிலும் கலக்கப்படவில்லை.

இதன் வேதியியலைக் கொஞ்சம் நின்று பார்ப்பது பயன் தரும். அக்காலத்து வெள்ளைக்கு அடிப்படை ஈய வெள்ளை. அதைக் கரைத்த ஊடகம் ஆளிவிதை எண்ணெய். மேலே அடித்த வார்னிஷ், கோபால் போன்ற பிசின்களை அதே எண்ணெயில் காய்ச்சி எடுத்தது. புதிதாக இருக்கும்போதே தேன் சாயல் கொண்டது. ஒரு கை அடித்தால் சாயல் தெரியாது. பல கை அடித்து, ஒவ்வொன்றையும் காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடிக்கும்போது மஞ்சள் ஆழமாகிறது. இதற்கிடையே நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகச் சேர்மங்கள் ஈய வெள்ளையைத் தாக்கிக் கரிய ஈய சல்பைடாக மாற்றும். ஆகவே மஞ்சளும் மங்கலும் இரண்டு வேறு காரணங்களால், இரண்டு வேறு வேகத்தில் வருகின்றன. இன்றைய டப்பாவில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான் அது தொழில்முறையில் உற்பத்தியாகத் தொடங்கியது. கந்தகம் அதைக் கறுக்க வைப்பதில்லை. 1880-ஐச் சேர்ந்த ஒரு பெட்டிக்கு இந்த வெள்ளையில் சிறிது மஞ்சள் கலந்து அடித்தால், தோற்றம் ஏறத்தாழ வந்துவிடும். ஆனால் அது முதுமை அடைந்த வெள்ளையின் ஆழத்தைத் தராது. அதனால், மாதிரியிலும் வெள்ளையை அடித்து, மேலே மெல்லிய மஞ்சள் சாயல் கொண்ட வார்னிஷைப் பூசுவதே மேல் என்பது என் கருத்து. பழைய பெயின்டர்கள் சென்ற வழியிலேயே நிறத்துக்குப் போய்ச் சேர்வது அது.

கூரைக்கும் இதே விதி. பெட்டிகளின் கூரைகள் வெள்ளையாகவே பட்டறையை விட்டு வந்தன. விளக்கு மாடத்துச் சுவர் கறுப்பதைப் போல அவை சீக்கிரமே சாம்பலாயின. வெள்ளைக் கூரையோடு ஒரு மாதிரிப் பெட்டியைச் செய்பவர், அது நேற்றுப் பட்டறையிலிருந்து வந்தது என்று சொல்கிறார். அதற்கேற்ப அதன் சக்கரங்களும் படிகளும் சுத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்த திருப்பம் 1908. இரட்டை நிறம் போய், பெட்டி முழுவதும் பழுப்பு வந்தது. 1912-இல் அதுவும் போய், அரக்குச் சிவப்பு வந்தது. கிரிம்சன் லேக் என்று அதற்குப் பெயர். பத்தாண்டுக்குப் பின், 1922-இல் சாக்லேட்டும் கிரீமும் திரும்பின. பதினான்கே ஆண்டுகளில் மூன்று மாற்றங்கள். இந்தக் காலம் முழுவதும் தயாரிப்பில் இருந்த ஒரு வகைப் பெட்டி உண்டு: பெரிய ஜன்னல்களுக்கு மேலே சிறு கண்ணாடிகள் வரிசையாக அமைந்த ‘டாப்லைட்’. 1907-இல் தொடங்கி ஏறத்தாழ 1922 வரை இவற்றைக் கட்டினார்கள். எனவே டாப்லைட் மாதிரியைக் கையில் வைத்திருப்பவருக்கு மூன்று நிறங்களும் உரியவை. எந்த ஆண்டு என்று தீர்மானிக்காதவருக்கு ஒன்றுமே உரியதல்ல.

லேக் நிறமிகளின் இயல்பு தனி. கரையும் சாயத்தை அலுமினா போன்ற ஒரு வெண்பொடியில் படியவைத்து எடுப்பவை அவை. ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. அடியில் என்ன நிறம் அடித்திருக்கிறதோ அது மேலே வரும். பழுப்பு அடித்தளத்தின்மீது பூசிய லேக் ஆழ்ந்த செம்பழுப்பாகத் தெரியும். வெளிர் அடித்தளத்தின்மீது பூசியது பளிச்சென்ற சிவப்பாகத் தெரியும். வெயிலில் வெளுப்பதும் இவ்வகைச் சாயங்களில் பலவற்றுக்கு இயல்பு. ஒரே டப்பாவிலிருந்து ஒரே கையாக அடிக்கும் ஒளிபுகாத மெரூன், இந்த இடத்தில் ஏமாற்றமே தரும்.

இப்போது சான்றுகளின் பக்கம் வருவோம். இந்த ஆய்வில் பலரும் வழுக்கி விழும் இடம் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அக்காலத்துச் சாதாரணக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. ஆர்த்தோக்ரோமாட்டிக் தகடுகள் பச்சையையும் உணர்ந்தன; சிவப்பை உணரவில்லை. எல்லா நிறங்களையும் உணரும் பான்க்ரோமாட்டிக் தகடுகள் 1906-இல் லண்டனில் விற்பனைக்கு வந்தபோதும், ரயில் படமெடுப்பவர்கள் பழைய தகடுகளையே நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். விளைவு என்ன? 1908-இன் பழுப்பும் 1912-இன் அரக்குச் சிவப்பும் படத்தில் ஒரே கருமையாக விழுகின்றன. வெறும் கண்ணால் அவற்றைப் பிரிக்க முடியாது. மஞ்சள் நீல ஒளியை விழுங்கிவிடுவதால், முதுமை அடைந்த கிரீம் இருந்ததைவிடக் கருமையாகப் படத்தில் விழும். ஒரே படத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்றின் மேற்பகுதி வெண்மையாகவும் மற்றதின் மேற்பகுதி சாம்பலாகவும் தெரிந்தால், இரண்டு வேறு பெயின்ட் என்று முடிவு கட்டக் கூடாது. ஒன்று பட்டறையை விட்டு அண்மையில் வந்தது, மற்றது வந்து நாளாகிவிட்டது என்றே முதலில் கொள்ள வேண்டும்.

ஆகவே படத்தில் நிறத்தைத் தேடுவதைவிடத் தேதியைத் தேடுவது மேல். எழுத்துகளின் வடிவம், சின்னத்தின் இடம், கோடுகள் போடப்பட்ட முறை, விளக்கு எரிவாயுவா மின்சாரமா என்பதெல்லாம் ஆண்டைக் காட்டும். ஆண்டு நிறத்தைக் காட்டும். எடுத்துக்காட்டாக, வட்டத்துக்குள் ஜி.டபிள்யூ.ஆர். எழுத்துகளை அடக்கிய சின்னம் 1934-இல்தான் வந்தது. பெட்டியில் அது இருந்தால், அதற்கு முந்தைய எல்லாச் சாத்தியங்களும் ஒரே நொடியில் விலகிவிடும்.

வண்ணப் படங்களும் பெரிய உதவியில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக விற்ற ரயில் வண்ண அஞ்சலட்டைகளில் ‘எஃப். மூர்’ என்ற கையொப்பம் இருக்கும். அது லோகோமோட்டிவ் பப்ளிஷிங் கம்பெனி வைத்துக்கொண்ட புனைபெயர். புகைப்படத்தின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டி, அதை அச்சிட்டார்கள். தீட்டியவர்கள் அந்த வண்டிகளைக் கண்ணால் கண்ட தலைமுறை என்பதால், பழுப்பா சிவப்பா என்ற அளவில் அந்த அட்டைகளை நான் மதிக்கிறேன். எத்தகைய பழுப்பு என்று கேட்டால், அச்சு மையின் குணம் குறுக்கே வந்துவிடும். 35 மி.மீ. கோடக்ரோம் பிலிம் 1936-இல் வந்தது. அப்போது பிரச்சினைக்குரிய ஆண்டுகள் எல்லாம் கடந்து போயிருந்தன.

எஞ்சுவது பெயின்டே. பழைய பெட்டியின் உடலில், கைப்பிடிக்குப் பின்னாலோ திருகாணிக்கு அடியிலோ, யாரும் சுரண்டாத இடத்தில் பழைய பூச்சுகள் அடுக்கடுக்காக மிஞ்சியிருக்கும். அங்கிருந்து நகக்கண் அளவு செதில் ஒன்றைக் கத்தி முனையால் எடுத்து, ஒளி ஊடுருவும் பிசினில் பதித்து, குறுக்குவெட்டு தெரியும்படி நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். நுண்ணோக்கியின் கீழ் அடுக்குகள் வரிசையாகத் தெரியும்: அடியில் மரத்தின் துளைகளை அடைத்த பூச்சு, அதன்மேல் ஈயம் கலந்த அடித்தளம், பிறகு நிறம், பிறகு வார்னிஷ், மறுபடி நிறம், மறுபடி வார்னிஷ். புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் பிசின் வார்னிஷ் ஒளிர்ந்து தன்னைத் தனியே காட்டிக்கொள்ளும். எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம் என்ற வரிசையை இதைவிட உறுதியாகச் சொல்லும் சான்று வேறில்லை.

ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் இருந்தால் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் பெரிதும் தெளியும். பல பத்தாண்டுகள் மற்றப் பூச்சுகளுக்கு அடியில் இருட்டில் கிடந்த கிரீம், அது ஓடிய காலத்தில் இருந்ததைவிட மஞ்சளாகவே கத்திக்கு அகப்படும். வெளிப்பட்ட பரப்பைச் சில வாரங்கள் பகல் வெளிச்சத்தில் வைத்த பிறகே நிற அளவை எடுக்க வேண்டும். சந்தையில் சில கிரீம்கள் ஏன் அவ்வளவு மஞ்சளாக இருக்கின்றன என்பதற்கு இந்த அவசரமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன்.

1950-இல் தொடங்கப்பட்ட ஹிஸ்டாரிக்கல் மாடல் ரயில்வே சொசைட்டி இத்துறைக்குச் செய்த பணி பெரிது. அது 1978-இல் வெளியிட்ட ஜே. என். ஸ்லின்னின் ‘கிரேட் வெஸ்டர்ன் வே’ இந்த ரயில்வேயின் நிறங்களையும் கோடுகளையும் ஒரே நூலில் திரட்டித் தந்தது. டிட்காட்டில் கிரேட் வெஸ்டர்ன் சொசைட்டி புதுப்பித்து வைத்திருக்கும் பெட்டிகளும் நேரில் பார்க்க வேண்டியவை. எனினும் புதுப்பித்த பெட்டி ஒருவரது ஆய்வின் முடிவு; இன்று கிடைக்கும் பெயின்டில் எழுதப்பட்டது. அதை மூலச் சான்றாக எடுத்துக்கொண்டு பெயின்ட் கலப்பது முறையல்ல.

1922-க்குத் திரும்புவோம். அந்த ஆண்டு சி. பி. காலெட் தலைமை இயந்திரப் பொறியாளர் ஆனார். வேல்ஸின் பல சிறு ரயில்வேக்கள் கிரேட் வெஸ்டர்னில் வந்து இணைந்தன. 1923 ஜனவரியில் பிரிட்டனின் ரயில்வேக்கள் நான்கு பெரும் நிறுவனங்களாயின. அவற்றில் பழைய பெயரைக் காப்பாற்றிக்கொண்டது இது ஒன்றே. பழைய இரட்டை நிறம் மீண்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம் என நினைக்கிறேன். பழைய அடையாளத்தை விடாமல் பற்றிக்கொள்ளும் அந்தப் போக்கின் தடயம் கோடுகளில் இருக்கிறது. புதிய பெட்டிகளின் பக்கங்கள் வழவழப்பான எஃகுத் தகடுகள். பழைய மரச்சட்டங்களுக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தும், சட்டங்கள் இருப்பதைப் போலவே கறுப்பிலும் பொன்னிறத்திலும் கோடு இழுத்து, கட்டம் கட்டமாகக் காட்டினார்கள். பின்னர் அந்த வேலைப்பாடு குறைந்து, ஓரிரு கிடைக்கோடுகளாகச் சுருங்கியது. 1922-ஐ ஒட்டிய எஃகுப் பெட்டியைச் செய்பவர் இந்தக் கோடுகளை விட்டுவிட்டால், நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆண்டு தவறிவிடும்.

1948-இல் ரயில்வேக்கள் நாட்டுடைமையாயின. 1949 முதல் நாடெங்கும் சிவப்பும் கிரீமும், 1956-இல் மெரூன். அதே 1956-இல் மேற்கு மண்டலம் தன் பெயர்பெற்ற விரைவு வண்டிகளுக்கு மட்டும் சாக்லேட்டையும் கிரீமையும் மீட்டது. இது புதிய தரப் பெட்டிகளில், புதிய தலைமுறைப் பெயின்டில் வந்தது. 1925-க்கு வாங்கிய டப்பாவை இதற்கும் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிரிட்டனில் பெரும்பாலோர் செய்யும் மாதிரி 76-இல் ஒரு பங்கு அளவு. அவ்வளவு சிறிய பரப்பில் அடர்நிறம் இன்னும் கருமையாகத் தெரியும் என்பதால், சிலர் துளி வெள்ளையோ சாம்பலோ சேர்த்து வெளிறச் செய்கிறார்கள். சேர்க்கலாம். ஆனால் முதலில் முழு அளவுப் பெட்டிக்குரிய நிறத்தை ஒரு அட்டையில் தீட்டி, பகல் வெளிச்சத்திலும் மாதிரி ஓடப்போகும் விளக்கொளியிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஒளியில் பொருந்தும் இரண்டு பழுப்புகள் மற்றோர் ஒளியில் பிரிந்து நிற்பது உண்டு. வெளிறச் செய்யும் கை அதற்குப் பிறகே. எவ்வளவு சேர்த்தோம் என்பதையும் அந்த அட்டையின் பின்புறம் எழுதிவைத்தால், அடுத்த பெட்டிக்கு ஊகிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. எந்த நிற மாற்றமும் ஒரே நாளில் எல்லாப் பெட்டிகளையும் எட்டவில்லை. பெட்டிகள் முறை வந்தபோதுதான் பட்டறைக்குப் போயின. ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு முறை வர ஆண்டுகள் பிடித்தன. 1913-இல் ஒரு சாதாரணப் பயணிகள் வண்டியில் புதிய அரக்குச் சிவப்பும், முழுப் பழுப்பும், பழைய இரட்டை நிறத்தின் மங்கிய மிச்சமும் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்க இடமுண்டு. அந்த ஆண்டைத் தேர்ந்தெடுப்பவர் ஒரே நிறத்தில் வரிசையாக ஆறு பெட்டிகளை நிறுத்துவதைவிட, மூன்று நிறங்களையும் கலந்து நிறுத்துவதே வரலாற்றுக்கு நெருக்கம்.