வாயிலிலேயே தொடங்கும் கடமை

அவசர சிகிச்சையில் நேரும் கவனயீனத்தை எவ்வாறு அளவிடுவது என்னும் வினாவுக்கு இங்கிலாந்து நீதிமன்றங்கள் படிப்படியாகவே விடை கண்டன. துறைத் தேர்ச்சியுடைய பொறுப்பான வைத்தியர் குழுவொன்று ஏற்கும் முறையில் சிகிச்சை செய்தவர் கவனயீனமாக நடந்தவராகார் என 1957ஆம் ஆண்டின் போலம் வழக்கு வரையறுத்தது. ஆயின், நோயாளியைப் பார்க்காமலே திருப்பியனுப்பிய வைத்தியரின் நிலை யாது?

1966 சனவரி முதலாம் நாள் காலை, தேநீர் அருந்தியபின் வாந்தியெடுத்த இரவுக் காவலாளர் மூவர் இலண்டனிலுள்ள புனித ஸ்ரீபன் வைத்தியசாலையின் விபத்துப் பிரிவை அடைந்தனர். தாதி தொலைபேசியில் அறிவித்தபோது, தாமும் நோயுற்றிருந்த கடமை வைத்தியர், வீடு சென்று தத்தம் வைத்தியரை அழைக்குமாறு அவர்களுக்குக் கூறப் பணித்தார். மூவருள் ஒருவர் அன்று பிற்பகலே ஆசனிக் நஞ்சினால் இறந்தார். பார்னெட் வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி நீல்ட், விபத்துப் பிரிவை நாடி வந்தோர்பால் வைத்தியசாலைக்குக் கவனிப்புக் கடமை உண்டென்றும், அக்கடமை மீறப்பட்டதென்றும் கண்டார். எனினும், உடன் அனுமதித்திருப்பினும் மாற்றுமருந்து உரிய நேரத்திற் கிடைத்திராது என்பதால், விதவையின் நட்டஈட்டுக் கோரிக்கை தள்ளப்பட்டது. கடமை மீறல் வேறு, மரணத்துக்குக் காரணமாதல் வேறு என்பதை இத்தீர்ப்பு தெளிவாக்கியது.

கடமைத் தராதரம் தனிமனிதரின் அனுபவத்தையன்றி, அவர் வகிக்கும் பதவியைச் சார்ந்தது என 1986இல் வில்ஷர் வழக்கின் மேன்முறையீட்டில் நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் கொண்டனர். ஆகவே, இளம் வைத்தியர் தம் அனுபவமின்மையைக் காட்டித் தப்புதல் இயலாது. அதேவேளை, ஒரே கணத்தில் பல பணிகளை ஆற்ற நேரும் நெருக்கடியில் விளையும் பிழையை எளிதிற் கவனயீனமெனக் கொள்ளலாகாது என்பதும் அத்தீர்ப்பிற் கூறப்பட்டது.

2018இல் டார்ன்லி வழக்கு இக்கடமையை வரவேற்பு மேசைவரை விரித்தது. 2010இல் தலையிற் காயமுற்றுக் குறொய்டன் வைத்தியசாலைக்கு வந்த ஒருவரிடம், நான்கைந்து மணிநேரம் காத்திருக்க வேண்டுமெனக் கூறப்பட்டது. உண்மையில் முப்பது நிமிடங்களுள் தாதியொருவர் அவரைப் பார்த்திருப்பார். பத்தொன்பது நிமிடங்களில் வெளியேறிய அவர், மூளையில் நிரந்தரப் பாதிப்புற்றார். சரியான தகவல் கிடைத்திருப்பின் அவர் தங்கியிருப்பார், ஏறத்தாழ முற்றாகக் குணமடைந்திருப்பார் எனக் காணப்பட்டமையால், பார்னெட் வழக்கில் அறுந்த காரணத் தொடர்பு இங்கு நிலைத்தது. ஐக்கிய இராச்சிய உயர்நீதிமன்றம் அவர் சார்பில் தீர்ப்பளித்தது.

காவலாளரின் விதவை வெறுங்கையுடன் திரும்பினார். ஆயினும், அவ்வழக்கில் நிலைநாட்டப்பட்ட வாயிற் கடமையே அரை நூற்றாண்டின் பின்னர் இன்னொருவருக்கு நீதி கிடைக்க அடித்தளமாயிற்று.