எந்த ஆளுங்க?

ராணிப்பேட்டை காரையில் வீடு தேடிப் போனபோது வாடகையைப் பற்றி யாரும் முதலில் பேசவில்லை. ‘எங்க வேலை, தோல் கம்பெனியா?’ என்றார் வீட்டுக்காரம்மா. அடுத்தது, ‘நீங்க எந்த ஆளுங்க?’

வாடகைச் சட்டங்களின் வரலாறு இந்தக் கேள்வியைத் தீண்டியதே இல்லை. இரண்டாம் உலகப்போர் நெருக்கடியில் சென்னை மாகாணத்தில் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு 1946, 1949 சட்டங்கள் வழியாக 1960இன் 18ஆவது சட்டமாக நிலைபெற்றது. கட்டடம், மனை ஆகியவற்றின் மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம்: குடியிருப்புக்கு இதுதான் ‘நியாய வாடகை’. காலியாகும் வீட்டை அரசு ஊழியருக்கு ஒதுக்கவும் அதில் வழியிருந்தது. ஆக, அரசின் கற்பனையில் குடித்தனக்காரர் ஒரு குமாஸ்தா. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர் அல்ல. நியாய வாடகை கேட்டு மனுப்போட முதலில் வீட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் எந்தப் பிரிவின்கீழ் மனுப்போடுவது?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகையையும் கைகழுவிவிட்டது. வாடகை இனி இருவருக்கிடையிலான ஒப்பந்தம். (சமமான இருவராம்!) முன்பணம் மட்டும் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது, ஊழியர்கள் குடிவந்தார்கள்.

சாதியைச் சொல்லாமல் அட்வான்ஸ் எவ்வளவு என்றேன். ‘பத்து மாசம்.’ சட்டத்தைச் சொன்னேன். ‘அப்ப சட்டத்துகிட்டயே வீடு கேளுங்க.’

நவல்பூரில் இதே கேள்வியோடு திருப்பி அனுப்பப்பட்ட தோழர் ஒருவர், பாலாற்றுக்கு அந்தப்பக்கம் ஆற்காட்டிலிருந்துதான் இன்றும் ஷிப்டுக்கு வருகிறார்.