பெருங்காயம் வந்த வழி

உல்லாஸ்நகரில் ஒரு மளிகைக் கடை. சிந்தி அம்மையார் ஒருவர் 'ஹிங்' என்று கேட்கிறார். அருகில் நிற்கும் தமிழ்ப் பெண்மணி 'பெருங்காயம்' என்கிறார். கடைக்காரர் இருவருக்கும் ஒரே வகை டப்பியைத்தான் எடுத்துத் தருகிறார். இரு பெயர் பூண்ட இப்பொருளின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

சாம்பாரும் ரசமும் இஃதின்றி மணப்பதில்லை. ஆதலால் இதனை நம் நாட்டு விளைபொருள் என்றே எண்ணிவிடுகிறோம். உண்மை வேறு. ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய நாடுகளின் வறண்ட நிலங்களில் வளரும் ஒருவகைச் செடியின் வேரைக் கீற, அதினின்று வடியும் பால் உறைந்து பெருங்காயமாகிறது. அதன் கடுநெடிக்குக் காரணம் கந்தகக் கூட்டுப்பொருள்கள். எண்ணெயில் பொரிந்ததும் அந்நெடி தணிந்து நறுமணமாகிறது.

பம்பாய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு பழமையானது. 16ஆம் நூற்றாண்டில் பம்பாய்த் தீவைக் குத்தகைக்குப் பெற்றிருந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் கோவாவில் அச்சேறிய தம் நூலில், இந்திய மக்கள் இதனை உணவிலும் மருந்திலும் மிகுதியாகக் கையாண்டதைக் குறித்துள்ளார். தூய பிசின் மிகக் கடுமையானது; ஆகவே மாவும் வேலம்பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயம் செய்யலாயினர். நம் இல்லங்கள் நன்கறிந்த 'எல்.ஜி.' பெருங்காயமும் 1894இல் பம்பாயில் தோன்றிய லால்ஜி கோதூ நிறுவனத்தினுடையதே.

ஆயுர்வேதத்தின் ஹிங்வாஷ்டக சூரணம், எட்டுச் சரக்குகளுள் இதன் பெயரையே தன் பெயராகக் கொண்டது. பருப்பும் கடலையும் வாயுவை உண்டாக்கும் என்பதறிந்தே நம் பாட்டியர் அவற்றோடு பெருங்காயம் சேர்த்தனர். வயிறு பொருமினால் நீர்மோரில் ஒரு சிட்டிகை கரைத்துப் பருகுவது வழிவழி வந்த கைவைத்தியம். எனினும் கைக்குழந்தைக்கு இதனை உள்ளுக்குக் கொடுத்தல் தகாது. வலி நீடித்தால் மருத்துவரையே நாட வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கக்கூடும். கோதுமை ஒவ்வாதோர் அதனை விசாரித்து வாங்குதல் நன்று.

2020 அக்டோபர் 15ஆம் நாள், இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் குவாரிங் என்னும் சிற்றூரில், விஞ்ஞானிகள் பெருங்காயச் செடியை நட்டு அதனை நம் மண்ணில் பயிராக்கும் முயற்சியைத் தொடங்கினர். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அயல்நாட்டுச் சரக்காகவே வந்தபோதும், எந்த அடுக்களையும் அதனை அந்நியம் என்று விலக்கியதில்லை.

உல்லாஸ்நகரும் வந்தேறியோரின் நகரமே. பிரிவினையில் சிந்துவை இழந்து வந்தோருக்காகக் கல்யாண் இராணுவ முகாமில் எழுந்த அந்நகருக்கு 1949 ஆகஸ்டு 8இல் அடிக்கல் நாட்டியவர், அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. பிழைப்பு நாடிப் பின்னர் வந்தவர் நாம். நள்ளிரவில் வயிறு பொருமி, நம் வீட்டு டப்பியும் காலியானால், அண்டைவீட்டுக் கதவைத் தட்டத் தயங்க வேண்டியதில்லை. அங்கும் அஃது இருக்கும்; பெயர்தான் வேறு.