ஒரு மின்தடம், இரு முனைகள்

2006 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு. ஜெர்மனியின் பாப்பன்பூர்க்கில் உள்ள மேயர் வெர்ஃப்ட் கப்பல் தளத்தில் கட்டி முடிக்கப்பட்ட ‘நார்வீஜியன் பேர்ல்’ என்ற உல்லாசக் கப்பல், எம்ஸ் ஆற்றின் வழியாக வடகடலுக்குச் செல்லக் காத்திருந்தது. அந்த ஆற்றின் குறுக்கே 380 கிலோவோல்ட் இரட்டை மின்தடம் ஒன்று போகிறது. உயரமான கப்பல்கள் கடக்கும்போது அதில் மின்சாரத்தை நிறுத்திவைப்பது பல முறை நடந்த வேலைதான். இம்முறை நள்ளிரவு தாண்டி 1 மணிக்குத் திட்டமிட்டிருந்த பயணம், கப்பல் தளத்தின் வேண்டுகோளின் பேரில் மூன்று மணி நேரம் முன்னதாக்கப்பட்டது. அண்டை மின்கட்டமைப்பு நிறுவனங்களுக்கு இந்த மாற்றம் தாமதமாகவே தெரிந்தது.

இரவு 9.38-க்கு, அந்தத் தடத்தை இயக்கிய ஈ.ஆன் நெட்ஸ் நிறுவனம் மின்தடத்தை நிறுத்தத் தொடங்கியது. அதில் போய்க்கொண்டிருந்த மின்சாரம் தெற்கே இருந்த மற்றத் தடங்களுக்குத் தாவியது. அவற்றுள் ஒன்று லாண்டஸ்பெர்கன் – வேரன்டார்ஃப் தடம். லாண்டஸ்பெர்கன் முனை அன்று ஈ.ஆன் நெட்ஸுக்குச் சொந்தமாக இருந்தது. வேரன்டார்ஃப் முனை ஆர்.டபிள்யூ.இ. நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. இரண்டு முனைகளிலும், சுமை மிஞ்சினால் தடத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்களின் வரம்பு வேறுவேறாக அமைக்கப்பட்டிருந்தது. ஆர்.டபிள்யூ.இ. பக்கம் 1,795 ஆம்பியரிலேயே எச்சரிக்கை வந்துவிடும். அந்த எண்ணை எதிர்முனைக்காரர்கள் அறிந்தது 9.41-க்கு, அதுவும் தொலைபேசியில்.

10 மணி கடந்ததும் மின்னோட்டம் எச்சரிக்கை எல்லையைத் தாண்டியது. ஈ.ஆன் நெட்ஸ் பொறியாளர்கள் லாண்டஸ்பெர்கன் நிலையத்தில் இரு பஸ்பார்களை (தடங்கள் வந்து சேரும் மின்கடத்திப் பட்டைகளை) இணைத்தால் சுமை 80 ஆம்பியர் குறையும் என்று அனுபவத்தைக் கொண்டு கணித்தார்கள். கணினியில் சரிபார்க்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. 10 மணி 10 நிமிடம் 11 நொடிக்கு இணைப்பு கொடுக்கப்பட்டது. மின்னோட்டம் 67 ஆம்பியர் கூடியது. இரண்டே நொடிகளில் வேரன்டார்ஃப் பக்கத்து ரிலே தடத்தைத் துண்டித்தது. அடுத்த கால் நிமிடத்துக்குள் போர்ச்சுக்கல் முதல் ருமேனியா வரை ஒரே அதிர்வெண்ணில் இயங்கிய ஐரோப்பிய மின்கட்டமைப்பு மூன்று துண்டுகளானது. மேற்குப் பகுதியில் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் சரிசெய்யப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்க்காதது ஒரு தவறு. ஆனால் கணக்குப் போட உட்கார்ந்தாலும் எதிர்முனையின் வரம்பு கையில் இருந்தாக வேண்டும். ஒரே மின்தடத்தைப் பற்றி இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு வேறு படங்கள் இருந்தால் எந்தக் கணினி என்ன செய்யும்? ஸ்மார்ட் கிரிட் என்று இன்று பேசப்படும் அனைத்துக்கும் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். சூரியத் தகடு, பேட்டரி, மின்வாகனம், ஸ்மார்ட் மீட்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றைப் பற்றிய தகவல் எந்த வடிவில் எழுதப்படுகிறது, யார் எழுதினாலும் யாரால் படிக்க முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. முதலில் செய்து முடிக்க வேண்டிய வேலையும் அதுவே.

அதைத் தொடங்கிவைத்தது அமெரிக்காவின் மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனமான ‘எப்ரி’. 1990-களின் தொடக்கத்தில் ஒரு மின்கட்டுப்பாட்டு மையம் கணினி அமைப்பு வாங்கினால், அதை விற்ற நிறுவனத்துக்கு ஆயுள் முழுவதும் கட்டுப்பட்டாக வேண்டிய நிலை. மின்மாற்றி, பிரேக்கர் (மின்துண்டிப்பான்), தடம் ஆகியவற்றின் விவரங்கள் அந்தந்த நிறுவனத்தின் தனிப்பட்ட தரவுத்தளத்தில், அவர்களுக்கே புரியும் வடிவில் அடைபட்டிருக்கும். புதிதாக ஒரு மென்பொருளைச் சேர்க்க நினைத்தால் எல்லாவற்றையும் மறுபடி கையால் ஏற்ற வேண்டும். இந்தக் கட்டை அவிழ்க்க ‘எப்ரி’ உருவாக்கியதே ‘பொதுத் தகவல் மாதிரி’. துறையில் ‘சிம்’ என்பார்கள். பின்னர் அது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி.யின் 57-ஆம் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று கட்டுப்பாட்டு மையத்துக்கு ஐ.இ.சி. 61970, பகிர்மானத்துக்கு 61968, மின்சந்தைக்கு 62325 என மூன்று தொகுதிகளாக அது வளர்ந்திருக்கிறது.

இந்த மாதிரிக்குள் கொஞ்சம் நுழைந்து பார்ப்பது நல்லது. அழகு அங்கேதான் இருக்கிறது. மின்கட்டமைப்பில் உள்ள ஒவ்வொன்றும் இதில் ஒரு வகை: தடம், பிரேக்கர், மின்மாற்றி, மின்னாக்கி, துணை மின் நிலையம். ஒவ்வொரு வகைக்கும் என்னென்ன பண்புகள், எதற்கும் எதற்கும் என்ன உறவு என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. தடம் ஒன்றை நேராக இன்னொரு தடத்தோடு சேர்க்க முடியாது. தடத்துக்கு இரண்டு ‘முனை’கள் உண்டு, ஒவ்வொரு முனையும் ஓர் ‘இணைப்புக் கணு’வில் போய்ச் சேரும். பிரேக்கருக்கும் அப்படியே இரண்டு முனைகள். இப்படி முனை என்ற ஒன்றைத் தனிப்பொருளாக்கியதால் அளவீட்டையும் முனையில் மாட்டலாம், மின்னோட்ட வரம்பையும் முனையில் மாட்டலாம். வரம்பு நிரந்தரமானதா, சில நிமிடங்களுக்கு மட்டும் தாங்கக்கூடியதா, எத்தனை நொடிகள் தாங்கும் என்பதையும் அதனோடு எழுதலாம்.

லாண்டஸ்பெர்கன் முனைக்கு ஒரு வரம்பு, வேரன்டார்ஃப் முனைக்கு வேறொரு வரம்பு. இரண்டுக்கும் இந்த மாதிரியில் தனித்தனி இடம் உண்டு. 1,795 என்ற எண்ணுக்கு உரிய இடம் தொலைபேசி உரையாடல் அல்ல, இது.

ஒவ்வொரு பொருளுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத, 36 எழுத்துக்குறிகள் கொண்ட ஓர் அடையாளக் குறியும் உண்டு. நிலையத்தின் பெயரை மாற்றலாம், உரிமையாளர் மாறலாம். குறி மாறக் கூடாது. சின்ன விஷயமாகத் தோன்றினாலும், கோப்புகளைப் பரிமாறுவோருக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. நேற்று அனுப்பிய பிரேக்கரும் இன்று அனுப்பிய பிரேக்கரும் ஒன்றா என்று கணினிக்குத் தெரிவது இந்தக் குறியால் மட்டுமே.

மாதிரி காகிதத்தில் இருந்தால் போதாதே. 2000 டிசம்பரில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் வெவ்வேறு மென்பொருள் நிறுவனத்தார் ஒன்றுகூடி, ஒருவர் எழுதிய எக்ஸ்எம்எல் கோப்பை மற்றவர் திறந்து பார்க்கும் முதல் சோதனை நடந்தது. போட்டியாளர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து தங்கள் பிழைகளை ஒருவர் முன் ஒருவர் திருத்திக்கொள்ளும் அந்த வழக்கம் அதன் பிறகும் தொடர்ந்தது. தரநிலை உயிரோடு இருக்கக் காரணம் இந்தச் சோதனைகளே. ஆவணங்கள் அடுத்த இடத்தில்தான் வரும்.

தரவு தவறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவே மூன்று ஆண்டுகளுக்குள் கண்டது. 2003 ஆகஸ்ட் 14 அன்று எட்டு அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோவும் இருளில் மூழ்கின. 5 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஓஹையோவில் மரக்கிளைகள் உரசியதும், எச்சரிக்கை மென்பொருள் நின்றுபோனதும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது வேறொன்று. பிராந்தியத்தைக் கண்காணித்த ‘மைசோ’ மையத்தில், கட்டமைப்பின் நிலையை மதிப்பிடும் கணினி நிரல் அன்று நண்பகலுக்குப் பிறகு சரியான விடை தரவில்லை. காரணம், இண்டியானாவில் ஒரு 230 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டிருந்தது. அந்தத் தகவல் மாதிரியோடு தானாக இணைக்கப்பட்டிருக்கவில்லை. தடம் இயங்குவதாகவே கணினி நம்பிக் கணக்குப் போட்டது. அதைக் கையால் திருத்திய பிறகு, அடுத்து ஓஹையோவில் ஸ்டுவர்ட் – அட்லான்டா 345 கிலோவோல்ட் தடம் விழுந்தது. அதன் நிலையும் கணினிக்குத் தெரியவில்லை. பிரேக்கர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற ஒற்றைத் தகவல் உரிய இடத்துக்கு வராததால், தேவையான நேரத்தில் ஒரு பெரிய மையம் பார்வை இழந்து நின்றது.

ஐரோப்பா 2006-இன் பாடத்தை மறக்கவில்லை. அதுவரை அங்கே நாடுகள் தங்கள் கட்டமைப்பு விவரங்களை எளிய உரைக் கோப்பாகப் பரிமாறிக்கொண்டன. அதில் ஒவ்வொரு கணுவுக்கும் எட்டு எழுத்தில் பெயர். முதல் எழுத்து நாட்டைக் குறிக்கும். பழைய காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. தொடரமைப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பான ‘என்ட்சோ-ஈ’ 2009-இல் செயல்படத் தொடங்கிய பின், ‘சிம்’ அடிப்படையில் ‘சிஜிமெஸ்’ என்ற பரிமாற்றத் தரநிலையை உருவாக்கியது. 2021-இல் அது ஐ.இ.சி. 61970-600 என்ற சர்வதேச நியமமாக வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017-ஆம் ஆண்டு மின்கட்டமைப்பு இயக்க விதி, நிறுவனங்கள் தங்கள் தனி மாதிரிகளைப் பகிர்ந்து பொது மாதிரி ஒன்றை உருவாக்குவதைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

‘சிஜிமெஸ்’ செய்த கெட்டிக்காரத்தனமான வேலை, தகவலைப் பல கோப்புகளாகப் பிரித்தது. உபகரணங்களின் விவரம் ஒரு கோப்பு. அது அடிக்கடி மாறாது. எந்தப் பிரேக்கர் திறந்திருக்கிறது, எந்த மின்னாக்கி எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பது இன்னொரு கோப்பு. அது மணிக்கு மணி மாறும். இணைப்பமைவு ஒரு கோப்பு, கணக்கிட்ட மின்னழுத்தமும் மின்பாய்வும் ஒரு கோப்பு. நாடுகள் சந்திக்கும் எல்லைப் புள்ளிகளுக்கு அனைவரும் ஒப்புக்கொண்ட தனிக் கோப்பு. எல்லையில் அடையாளக் குறி ஒத்துப்போனால்தான் இரு நாட்டு மாதிரிகளும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2021 ஜனவரி 8 பிற்பகல் 2 மணி அளவில் குரோஷியாவின் எர்னஸ்டினோவோ துணை மின் நிலையத்தில், இரு பஸ்பார்களை இணைக்கும் 400 கிலோவோல்ட் கப்ளர் மிகைமின்னோட்டத்தால் துண்டித்துக்கொண்டது. தொடர்ந்து பல தடங்கள் விழ, ஐரோப்பியக் கட்டமைப்பு மறுபடியும் பிளந்தது, இம்முறை இரண்டாக. தென்கிழக்கில் அதிர்வெண் 50.6 ஹெர்ட்ஸ் வரை ஏறியது, வடமேற்கில் 49.74-க்கு இறங்கியது. ஒரு மணி நேரத்தில் இரண்டும் இணைக்கப்பட்டன. அந்தக் கப்ளர் விழுந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சோதிக்கும் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. நிலையத்தை ஒரே புள்ளியாகச் சுருக்கிக் கணக்கிட்டால் கப்ளர் கண்ணுக்கே தெரியாது. பிரேக்கரைப் பிரேக்கராகவே எழுத ‘சிம்’ இடம் தருகிறது. எழுதுவதும் அதை ஆய்வுக்கு உட்படுத்துவதும் மனிதர் பொறுப்பு.

துணை மின் நிலையத்துக்கு உள்ளே நிலைமை வேறு. அங்கே ஐ.இ.சி. 61850 ஆட்சி செய்கிறது. ரிலேக்கள் ஒன்றுக்கொன்று சில மில்லிநொடிகளில் ‘துண்டி’ என்று செய்தி அனுப்பிக்கொள்ளும் உலகம் அது. 1958-இல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் மின்கட்டமைப்புகள் முதன்முதலில் கைகோத்த லாஃபென்பூர்க் நிலையத்திலேயே, இந்தத் தரநிலையின் ஆரம்பகாலப் பயன்பாடுகளில் ஒன்றும் 2004 வாக்கில் நடந்தது. பொருத்தமான இடம். சிக்கல் என்னவென்றால், ஒரே பிரேக்கர் நிலையத்துக்குள் 61850 மொழியில் ஒரு விதமாகவும், கட்டுப்பாட்டு மையத்தில் ‘சிம்’ மொழியில் வேறு விதமாகவும் எழுதப்படுகிறது. இரண்டையும் இசைக்க ஐ.இ.சி. தனி ஆவணமே வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் ஒரே விவரத்தை இரண்டு முறை தட்டச்சு செய்யும் வழக்கம் உள்ளவரை பிழை நுழைய வாசல் திறந்தே இருக்கும்.

வீட்டு வாசல் மீட்டரில் கதை எளிதாக முடிந்திருக்கிறது. ‘டிஎல்எம்எஸ்’ என்ற தரநிலையில், மீட்டர் காட்டும் ஒவ்வோர் அளவுக்கும் ஆறு பகுதிகள் கொண்ட எண் உண்டு. 1.0.1.8.0.255 என்றால் நுகர்ந்த மொத்த மின்சாரம். எந்த நிறுவனத்தின் மீட்டரானாலும், எந்த நாடானாலும் அதே எண். இந்தியாவில் ஐ.எஸ். 15959 இதையே அடிப்படையாகக் கொண்டது. 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்து மத்திய அரசு தொடங்கிய திட்டத்துக்கு அதுவே தரவு மொழி. மீட்டர் வரை வந்த இந்தத் தெளிவு, தொடரமைப்பு மாதிரிகளிலும் வேண்டும்.

ஏனெனில் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கியபோது, தென்னகம் நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்துவிட்டது. அந்தத் தடத்தின் ஒரு முனை கர்நாடகத்தில், மறுமுனை மகாராஷ்டிரத்தில். ஒன்றைப் பெங்களூர் பிராந்திய மையம் கவனிக்கிறது, மற்றதை மும்பை. சென்னையில் நடக்கும் ஒரு பிசகு டெல்லி வரை உணரப்படும். ராஜஸ்தானின் வெயிலில் விளைந்த மின்சாரம் இங்கே விளக்கேற்றும். ஒரே தடத்தை மாநில மையம், பிராந்திய மையம், தேசிய மையம் மூன்றும் ஒரே விதமாக எழுதிவைத்திருக்க வேண்டிய தேவை இதனால் பல மடங்கு கூடியிருக்கிறது.

ஆகவே மின்வாரியப் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுப்பாட்டு மைய மென்பொருளுக்கு டெண்டர் எழுதும்போது ‘தரநிலைக்கு உட்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள். வேறொரு நிறுவனத்தின் கோப்பை உங்கள் முன்னால் ஏற்றி, மின்பாய்வுக் கணக்கை ஓட்டி, அதே கோப்பைப் பிழையின்றி வெளியே எடுத்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். காட்டிய பிறகே பணம் கொடுங்கள். பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும் வாய்ப்பு இருக்கிறது: ‘என்ட்சோ-ஈ’ வெளியிட்டிருக்கும் சோதனை மாதிரிகளில் ‘மைக்ரோகிரிட்’ என்ற சிறு கட்டமைப்பு பெல்ஜியம், நெதர்லாந்து என இரு பகுதிகளாக அமைந்தது. பிரான்சின் ஆர்டிஇ நிறுவனம் தொடங்கிவைத்த ‘பவ்சிபிள்’ என்ற திறமூல மென்பொருள் அதைத் திறந்து படிக்கும். இரண்டுக்கும் காசு தேவையில்லை. ஒரு மடிக்கணினி போதும்.